குழாய்கள் பெருகின, குடிநீர் பாதுகாப்பானதா? – நல்கொண்டா தரும் பாடம்

(குடிநீர் உரிமை குறித்த கட்சி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

ஊரின் நடுவே மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி நிற்கிறது. வீட்டு வாசலில் குழாய் இருக்கிறது. திறந்தால் தண்ணீர் வருகிறது. அது தெளிவாக இருக்கிறது, நாற்றம் இல்லை, சுவையிலும் குறை இல்லை. அரசுப் பதிவேட்டில் அந்த வீடு குடிநீர் இணைப்பு பெற்ற வீடாகிவிட்டது. ஆனால் அந்தத் தொட்டியை நிரப்பும் நீர் எங்கிருந்து வருகிறது, அதில் கரைந்திருப்பது என்ன, கடைசியாக அதைச் சோதித்தவர் யார் என்று கேட்டால் அந்த வீட்டில் எவரிடமும் விடை இல்லை.

இந்தியக் கிராமங்களின் குடிநீர்த் தேவையில் மிகப் பெரும்பகுதியை நிலத்தடி நீரே நிறைவு செய்கிறது. அந்த நீரின் நிலை என்ன? மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024ஆம் ஆண்டுக்கான தர அறிக்கைக்காக நாடு முழுவதும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மாதிரிகளை ஆராய்ந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாதிரியில் நைட்ரேட் வரம்பை மீறியிருந்தது. சுமார் 9 விழுக்காடு மாதிரிகளில் ஃபுளோரைடும், 3.5 விழுக்காடு மாதிரிகளில் ஆர்சனிக்கும் வரம்பைக் கடந்திருந்தன. இவை கண்ணுக்குத் தெரியாதவை, நாக்குக்கும் தெரியாதவை. கொதிக்க வைத்தாலும் நீங்காதவை. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அவற்றின் அடர்த்தி கூடவே செய்யும்.

இந்தப் பிரச்சினையின் முழு வரலாற்றையும் ஒரே மாவட்டத்தில் காண முடியும். அது தெலுங்கானாவின் நல்கொண்டா. 1946 முதல் 1951 வரை நடைபெற்ற வீரத் தெலுங்கானா போராட்டத்தின் களம் அது. 1952ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் தோழர் ராவி நாராயண ரெட்டியை, ஜவாஹர்லால் நேருவைவிடவும் கூடுதலான வாக்குகள் அளித்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மண். நிலப்பிரபுவின் வெட்டி வேலையை ஒழித்த அந்த மக்களின் முதுகை, சுதந்திர இந்தியாவில் அவர்கள் குடித்த தண்ணீர் வளைத்தது.

பாறையிலிருந்து எலும்புக்கு

இந்நோய் நேற்று கண்டறியப்பட்டதன்று. 1930களில் அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில், உழவு மாடுகள் மூட்டு விறைத்து நடக்க இயலாமல் போவதை விவசாயிகளே முதலில் கவனித்தனர். 1937ஆம் ஆண்டு, சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தின் இயக்குநர் ஷார்ட்டும் சக ஆய்வாளர்களும் நெல்லூர் மாவட்டத்தின் பொதிலி, தர்சி வட்டாரங்களில் மனிதர்களிடம் இதே நோயை ஆராய்ந்து, குடிநீரில் உள்ள ஃபுளோரைடே காரணம் என்று பதிவு செய்தனர். நல்கொண்டாவின் நோயாளிகளைப் பற்றிய சித்திகியின் கட்டுரை 1955ஆம் ஆண்டு பிரிட்டனின் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று, கிருஷ்ணா நதியின் குறுக்கே அதே நல்கொண்டா மாவட்டத்தின் எல்லையில், நாகார்ஜுனசாகர் அணைக்கு நேரு அடிக்கல் நாட்டினார். நோயும் தெரிந்திருந்தது, நதியும் அருகில் இருந்தது. இரண்டையும் இணைக்கும் குழாய்க்காகத்தான் மக்கள் தலைமுறைக் கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. அணையின் கால்வாய் தாழ்வான பகுதிகளின் வயல்களுக்குப் பாய்ந்தது. மேட்டு நிலத்தில் இருந்த முனுகோடு, மர்ரிகூடா, தேவரகொண்டா வட்டாரங்களின் கிராமங்கள் தம் கிணறுகளையே நம்பியிருந்தன.

அந்தக் கிணறுகளில் நடந்தது என்ன? நல்கொண்டாவின் அடித்தளம் கிரானைட் பாறை. ஃபுளோரைடு அடங்கிய கனிமங்கள் அந்தப் பாறையில் இயல்பாகவே உள்ளன. பாறைப் பிளவுகளில் நீர் நெடுங்காலம் தங்கும்போது ஃபுளோரைடு அதில் கரைகிறது. நீரில் கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடியிருந்தால் மேலும் கரைகிறது. ஆண்டுதோறும் மழையாலும் ஏரிக் கசிவாலும் புதுப்பிக்கப்படும் ஆழமற்ற கிணற்றுக்கும், பல நூறு அடி ஆழத்தில் தேங்கிக் கிடக்கும் பழைய நீரை இறைக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். காகத்தியர் காலம் தொட்டுத் தெலுங்கானாவில் இருந்த ஏரிச் சங்கிலி பராமரிப்பின்றித் தூர்ந்தது. பாசனத்துக்கு அரசு முதலீடு வராத மேட்டு நிலத்தில், ஒவ்வொரு விவசாயியும் கடன் வாங்கித் தன் நிலத்தில் துளையிட்டார். நீர்மட்டம் தாழ்ந்தது, துளை ஆழமாயிற்று, குடிநீரின் தன்மையும் மாறியது. பாறை இயற்கையின் ஆக்கம் என்பது உண்மை. அந்தப் பாறையின் அடிவரை மக்களைத் துரத்தியது வேளாண் கொள்கை.

ஒரே கிணறு, இரு வேறு அளவு

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலை, லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கத்தக்க வரம்பாக வைக்கிறது. வேறு நீராதாரமே இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. நல்கொண்டாவில் 5 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகளும் இருந்தன.

ஆனால் தரநிலை நீரின் அடர்த்தியைத்தான் சொல்கிறது. உடலைத் தாக்குவது அடர்த்தி மட்டுமன்று. குடிக்கப்படும் மொத்த அளவும் சேர்ந்தே தாக்குகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள நீரை நிழலில் அமர்ந்து பணியாற்றும் ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடித்தால், அவர் உடலில் சேர்வது 3 மில்லிகிராம். அதே நீரை மே மாத வெயிலில் களையெடுக்கும், மண் வெட்டும் விவசாயத் தொழிலாளி ஐந்து லிட்டர் குடிக்கிறார். அவர் உடலில் சேர்வது 7.5 மில்லிகிராம். ஊர் ஒன்று, கிணறு ஒன்று, சோதனை அறிக்கையும் ஒன்று. உழைப்பவரின் உடலுக்கு மட்டும் இரண்டரை மடங்கு.

இத்துடன் உணவும் சேர்கிறது. 1973ஆம் ஆண்டு ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஃபுளோரைடு பாதித்த பகுதியின் இளம் வயதினரிடம் முழங்கால்கள் உட்புறமாக வளைவதையும் எலும்பு வலுவிழப்பதையும் பதிவு செய்தனர். உணவில் கால்சியம் குறைந்த உடலை ஃபுளோரைடு கடுமையாகத் தாக்குகிறது. பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிவிட்டுக் கட்டங்காப்பி குடிக்கும் குடும்பத்துக் குழந்தையும், நாள்தோறும் பால் குடிக்கும் குழந்தையும் ஒரே குழாயில் நீர் பிடித்தாலும், விளைவு ஒன்றாக இருப்பதில்லை. எட்டு வயதுக்குள் வளரும் பற்களில் முதலில் கறை விழுகிறது. பின்னர் மூட்டுகள் விறைக்கின்றன. முதுகுத் தண்டின் தசைநார்கள் சுண்ணாம்பேறுகின்றன. கழுத்தைத் திருப்பவும் தரையில் அமரவும் இயலாமல் போகிறது. எலும்பில் படிந்த நோயைத் திருப்பும் மருந்து கிடையாது. தடுப்பு ஒன்றே மருத்துவம்; நல்ல தண்ணீர் ஒன்றே தடுப்பு.

ஆகவே நிலத்தடி நீரின் நஞ்சைப் புவியியல் பிரச்சினை என்று மட்டும் சொல்லி முடிப்பது பாதி உண்மை. யார் எவ்வளவு குடிக்கிறார், யார் என்ன உண்கிறார், யாரால் வேறு தண்ணீர் வாங்க முடியும் என்பவற்றை வர்க்கமும் சாதியும் தீர்மானிக்கின்றன.

480 வேட்பாளர்கள்

1996 மக்களவைத் தேர்தலில் நல்கொண்டா தொகுதியில் 480 பேர் போட்டியிட்டனர். பதவி பெறுவது அவர்களில் பெரும்பாலோரின் நோக்கமன்று. தண்ணீர்ப் பிரச்சினையை நாட்டின் செவிக்கு எட்டச் செய்வதற்காகவே அவர்கள் வேட்புமனு தாக்கல் செய்தனர். வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாயிற்று. தேர்தலையே தள்ளிவைக்க நேர்ந்தது. இறுதியில் அத்தொகுதியில் வென்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தோழர் பொம்மகானி தர்மபிக்ஷம். அதே ஆண்டு தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியிலும் விவசாயிகளின் எதிர்ப்பாக 1033 பேர் களமிறங்கினர்.

ஆட்சியாளர்களின் பதில் என்ன? அந்த ஆண்டே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. பொதுப்பிரிவினருக்கான மக்களவைத் தேர்தல் வைப்புத்தொகை 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. நல்கொண்டாவின் கிராமங்களுக்கு ஆற்று நீர் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. வைப்புத்தொகையை உயர்த்தச் சில மாதங்களே போதுமானதாக இருந்தன.

படிகாரத்திலிருந்து கேன் தண்ணீர் வரை

இடைப்பட்ட காலத்தில் தொழில்நுட்பத் தீர்வுகள் முன்வைக்கப்பட்டன. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கிய முறைக்கு ‘நல்கொண்டா நுட்பம்’ என்றே பெயர். நீரில் சுண்ணாம்பு, படிகாரம், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றை உரிய அளவில் கலந்து, கலக்கி, படியவிட்டு வடிகட்டினால் ஃபுளோரைடு குறையும். எளிய முறை, உள்நாட்டுப் பொருள்களே போதும். அறிவியலாளர்களின் அந்த உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால் ஒவ்வொரு கிணற்று நீருக்கும் படிகாரத்தின் அளவு மாறும். அதை அறிந்து நாள்தோறும் கலக்க ஓர் ஊழியர் வேண்டும். படியும் கசடைப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். கருவியை நிறுவ நிதி தரும் அரசு, அதை இயக்குபவருக்கு மாதந்தோறும் ஊதியம் தர முன்வராதபோது எந்த நுட்பமும் சில பருவங்களுக்கு மேல் நிலைக்காது.

அந்த இடைவெளியில் சந்தை நுழைந்தது. சிறு ஊர்களிலும் தனியார் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் முளைத்தன. 20 லிட்டர் கேன் விற்பனைக்கு வந்தது. சுத்திகரிப்பில் வெளியேறும் கழிவு நீரில் ஃபுளோரைடு செறிந்திருக்கிறது. அது போய்ச் சேரும் இடத்தைக் கேட்பார் இல்லை. வாங்க இயன்றவர் கேன் தண்ணீர் குடிக்கிறார். இயலாதவர் குழாயிலேயே பிடிக்கிறார். வாங்குபவரும் குடிக்க மட்டுமே வாங்குகிறார். சோறும் பருப்பும் வேகுவது பழைய நீரில்தான். ஊர் முழுவதற்குமான பொதுக் கோரிக்கை, வீடு வீடாகப் பிரிந்து மாதச் செலவாக மாறிவிடுகிறது. தனியார்மயத்தின் இந்த அரசியல் விளைவு அதன் விலையைக் காட்டிலும் ஆபத்தானது.

ஆறு வந்த பின்னர்

போராட்டங்கள் வீண்போகவில்லை. கிருஷ்ணா நீர் படிப்படியாக நல்கொண்டாவின் கிராமங்களை எட்டியது. 2016இல் தொடங்கி வைக்கப்பட்ட மிஷன் பகீரதா திட்டம், ஆற்று நீரைக் குழாய்வழி தெலுங்கானாவின் கிராமங்களுக்கு விரிவாகக் கொண்டு சென்றது. மாநிலத்தில் ஃபுளோரைடு பாதித்த குடியிருப்பு எதுவும் எஞ்சவில்லை என்று 2020இல் நாடாளுமன்றத்திலும் தெரிவிக்கப்பட்டது. பொது முதலீடு என்ன செய்ய வல்லது என்பதற்கு இது சான்று. தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இதே நோய்க்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது.

ஆனால் ‘எதுவும் எஞ்சவில்லை’ என்ற அறிவிப்போடு விழிப்பு உறங்கிவிடக் கூடாது. பாறை மாறவில்லை. ஆழ்துளைக் கிணறுகளும் மூடப்படவில்லை. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் குழாய் உடைந்தால், கோடையில் அழுத்தம் குறைந்தால், கடைக்கோடிக் குடியிருப்புக்கு நீர் ஏறாவிட்டால், ஊராட்சி என்ன செய்யும்? பழைய மோட்டாரை இயக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏறி, அதே குழாயில் வரும். ஆற்று நீர் என்று நம்பியே மக்கள் குடிப்பார்கள். கடைக்கோடியில் இருப்பவை பெரும்பாலும் தலித் குடியிருப்புகள், லம்பாடித் தாண்டாக்கள்.

மேட்டு நிலத்துக்குச் சரிவிலேயே கிருஷ்ணா நீரைக் கொண்டுவர வகுக்கப்பட்ட ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாயின் கதையும் நினைவில் கொள்ளத்தக்கது. ஏறத்தாழ 44 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் சுரங்கம் இருபது ஆண்டுகளாகியும் முடியவில்லை. 2025 பிப்ரவரி 22 அன்று சுரங்கம் இடிந்து எட்டுப் பேர் உள்ளே சிக்கினர். ஜார்க்கண்ட் உள்ளிட்ட வெளிமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் அவர்களில் இருந்தனர். எவரும் உயிருடன் மீட்கப்படவில்லை. ஒரு மாநிலத்தின் ஏழைகளுக்கான தண்ணீருக்காக இன்னொரு மாநிலத்தின் ஏழைகள் உயிரைக் கொடுத்தார்கள்.

எண்ணிக்கையும் ஒதுக்கீடும்

ஒன்றிய அரசு 2019இல் ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தபோது, 2024க்குள் ஒவ்வொரு கிராமப்புற வீட்டுக்கும் குழாய் என்றது. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றது. தொடங்கியபோது குழாய் இருந்த வீடுகள் 3.23 கோடி. இன்று அது 15 கோடியைத் தாண்டியுள்ளது. இந்த வளர்ச்சியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இலக்கு தவறி, காலக்கெடு 2028க்குத் தள்ளப்பட்டது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் 70,163 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீட்டில் 22,694 கோடியாகச் சுருங்கியது.

தரம் குறித்து வழிகாட்டுதல்கள் உள்ளன. ஒவ்வொரு நீராதாரத்திலும் ஆண்டுக்கு ஒருமுறை வேதியியல் சோதனையும் இருமுறை நுண்ணுயிர்ச் சோதனையும் நடைபெற வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும். ஊராட்சியின் குடிநீர்க் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். இவை நல்ல விதிகள். பெருநகரத்துக் குடிநீர் வாரியத்துக்கு ஆய்வகமும் பொறியாளர்களும் உண்டு. சில நூறு வீடுகள் கொண்ட சிற்றூருக்கு இருப்பது ஒரு சோதனைப் பெட்டியும் ஒரு மோட்டார் இயக்குநருமே.

அந்த இயக்குநரின் நிலை என்ன? தொட்டியில் குளோரின் இடுபவர் அவர்தான். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால்தான் வழியில் கசிந்து புகும் கிருமிகளிலிருந்து பாதுகாப்பு. ஈரத்தில் கிடக்கும் பிளீச்சிங் பவுடர் வீரியம் இழக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டியவரும் அவரே. தெலுங்கானாவிலோ, ‘பன்முகப் பணியாளர்’ முறையின் பெயரால் துப்புரவு, தெருவிளக்கு, குடிநீர் அனைத்தும் ஒரே தொழிலாளியின் தலையில் சுமத்தப்பட்டன. அதை ஒழிக்கக் கோரி 2023இல் ஊராட்சித் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்தனர். அது ஊதியப் போராட்டம் மட்டுமன்று. ஊர் குடிக்கும் நீரின் பாதுகாப்புக்கான போராட்டமும் ஆகும்.

இயக்கத்தின் கடமைகள்

மாசற்ற நீரும் காற்றும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 1991ஆம் ஆண்டு சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. குடிநீரை மனித உரிமையாக ஏற்கும் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு 2010இல் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆனால் தன் குழாய் நீரின் சோதனை முடிவைக் கேட்கக்கூட வழி தெரியாத கிராமத்துப் பெண்ணுக்கு இந்த உரிமை இன்னும் காகிதத்தில்தான் உள்ளது. அதைக் கிராமத்துக்குக் கொண்டுவரும் கோரிக்கைகள் தெளிவானவை.

முதலாவது, தெரிந்துகொள்ளும் உரிமை. ஒவ்வொரு நீராதாரத்தின் சோதனை முடிவும், சோதித்த தேதியுடன், மக்களின் மொழியில், மேல்நிலைத் தொட்டியின் சுவரிலேயே எழுதப்பட வேண்டும். கைபேசிச் செயலியில் பதிவேற்றியதாகச் சொல்வது போதாது.

இரண்டாவது, நஞ்சுள்ள ஆழ்துளைக் கிணறுகளைக் குடிநீர்த் தொட்டியின் இணைப்பிலிருந்து துண்டிக்க வேண்டும். வங்கதேசத்தில் ஆர்சனிக் கலந்த குழாய்க் கிணறுகளுக்குச் சிவப்பு வண்ணமும், பாதுகாப்பானவற்றுக்குப் பச்சை வண்ணமும் பூசினார்கள். எழுத்தறியாதவருக்கும் அது புரிந்தது. அத்தகைய அடையாளம் இங்கும் வேண்டும்.

மூன்றாவது, ஆற்று நீர் தடைப்படும் நாள்களுக்கு மாற்று ஏற்பாடு. மோட்டாரை இயக்குவது மட்டுமே மாற்று ஆகிவிடக் கூடாது. மழைநீர்ச் சேமிப்பு, ஏரிகளைத் தூர்வாருதல், அரசுச் செலவில் லாரித் தண்ணீர் ஆகியவை கடைக்கோடிக் குடியிருப்புகளிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்காவது, சோதனை செய்யும் பெண்களுக்கும் மோட்டார் இயக்குநர்களுக்கும் முறையான ஊதியமும் பணிப் பாதுகாப்பும். சேவை என்ற பெயரில் இலவச உழைப்பைப் பெறும் முறைக்கு முடிவு கட்ட வேண்டும்.

ஐந்தாவது, ஏற்கெனவே முடமாக்கப்பட்டவர்கள். புதிய நோயாளி இல்லை என்ற அறிவிப்பு பழைய நோயாளியை மறக்கச் செய்யக் கூடாது. வாழ்நாள் ஓய்வூதியமும், வீட்டுக்கு வரும் மருத்துவமும், பள்ளிச் சத்துணவில் பாலும் முட்டையும் அரசின் கடமை.

தோழர்களே! நல்கொண்டாவின் மக்கள் 1946இல் நிலம் யாருக்கு என்று கேட்டார்கள். 1996இல் தண்ணீர் எங்கே என்று கேட்டார்கள். குழாய் வந்துவிட்ட இந்நாளில், அதில் வருவது என்ன என்பதே கேள்வி. அடுத்த கிராமசபைக் கூட்டத்திலேயே ஒவ்வொரு கிளையும் மூன்று கேள்விகளை எழுப்பட்டும். தொட்டியை நிரப்பும் நீராதாரங்கள் எவை? கடைசிச் சோதனை எப்போது நடந்தது? முடிவு என்ன? பதில் தரப்படாவிட்டால் அதையே தீர்மானமாக எழுதி நிறைவேற்றட்டும். ஒரு புட்டியில் குழாய் நீரைப் பிடித்துக்கொண்டு ஊர்ப் பெண்கள் மாவட்ட ஆய்வகத்தின் படியேறும் நாளில், குடிநீர் உரிமை காகிதத்திலிருந்து கிராமத்துக்கு இறங்கத் தொடங்கும்.